முந்திரியும் மணிலாவும்

மக்கள் தம் உடல்நலத்தைப் பேணுதற்குரிய வழிகள் பலவற்றுள்ளும் உணவே தலையாயது என்பதை மறுப்பார் இலர். மருந்து, நோய் வந்தபின் நாடப்படுவது. உணவோ, நோய் வாராமைப் பொருட்டும், வந்த நோயைத் தாங்குதற்பொருட்டும் நாள்தோறும் நாடப்படுவது. திருவள்ளுவர் 'மருந்து' என ஓர் அதிகாரம் வகுத்தும், அதன்கண் பச்சிலையின் பெயரையோ வேரின் பெயரையோ கூறாது, உண்ணும் அளவையும் முறையையுமே பெரிதும் எடுத்துரைத்தமை இங்கு எண்ணத்தக்கது. அத்தகைய உணவின்கண் கொட்டைகள் பெறவேண்டிய இடம் யாது? அக்கொட்டைகளை விளைத்துப் பிறர்க்கு வழங்கும் நம் கடலூர் மாவட்டத்தார் அவ்விடத்தை அவற்றிற்கு அளித்துளரோ? இவ்விரு வினாக்களுக்கும் என் சிற்றறிவிற்கு எட்டியவாறு விடைகூற முற்படுகின்றேன். பெரியோர் குற்றம் பொறுத்துக் குணங்கொள்வாராக.

முதற்கண் நம் மாவட்டத்தின் இயல்பினை நோக்குவோம். கடலூரினின்று தெற்கே சிதம்பரம் நோக்கிப் புகைவண்டியிற் செல்வார், பரங்கிப்பேட்டையைக் கடந்து வெள்ளாற்றைத் தாண்டியதும் இருமருங்கும் நெல்வயல்களையே காண்பர். கடலூரினின்று மேற்கே பண்ருட்டி நோக்கிச் செல்வாரோ செம்மண் மேட்டினையும், அதன்மேற் கவிந்து நிற்கும் முந்திரித் தோப்புக்களையும், பலா மரங்களையும், வானம் பார்த்த புன்செய்களிற் படர்ந்துள்ள மணிலாச் செடிகளையும் காண்பர். ஒருபுறம் ஆற்றுநீர் தரும் அரிசி. மற்றொருபுறம் மேட்டு நிலம் தரும் கொட்டை. சோற்றையும் சோற்றிற் குறைந்த சத்தினை நிறைவிக்கும் பொருளையும் ஒரு மாவட்டத்திற்கே வகுத்தளித்த இறைவன் திருவருளை என்னென்பது! ஆயின், நிலத்தில் அருகருகே விளையும் இவ்விரண்டும் நம் இலையில் அருகருகே அமர்கின்றனவா என்று பார்ப்போமாயின், இல்லையென்றே கூறல் வேண்டும்.

இதற்குக் காரணத்தை இப்பொருள்களின் வரலாற்றிலேயே ஓரளவு காணலாம். முந்திரி நம் நாட்டு மரமன்று. பிரேசில் நாட்டின் வடகீழ்ப் பகுதியே அதன் தாயகம். 16-ஆம் நூற்றாண்டிற் போர்ச்சுகீசியர் அதனை நம் நாட்டு மேலைக் கடற்கரைக்குக் கொணர்ந்தனர். மலையாள நாட்டார் அதனைப் 'பறங்கிமாவு' எனவும் வழங்குதல் இவ்வரவினைக் காட்டும். மணிலாவும் தென்அமெரிக்காவிற் பிறந்ததே. பிலிப்பைன் தீவுகளிலுள்ள மணிலா நகர்வழியாக வந்ததென்று கருதப்பட்டமையின் அது 'மணிலாக்கொட்டை' எனப் பெயர்பெற்றது. பிற மாவட்டத்தார் வேர்க்கடலை, நிலக்கடலை என்று கூற, நம் பக்கத்துச் சிற்றூரார் 'மல்லாட்டை' என்று கூறுவர். மணிலாக்கொட்டை என்பது மக்கள் நாவில் தேய்ந்து மல்லாக்கொட்டையாகி, பின்னர் மல்லாட்டையாயிற்று. ஓர் அயல்நாட்டு நகரின் பெயர் நம் உழவர் வாயில் இவ்வாறு உருமாறி வாழ்வது மொழிநூல் கற்பார்க்கு இன்பந் தருவதாம்.

பெயரைத் தமிழாக்கிக் கொண்ட நாம் பொருளை நமதாக்கிக் கொண்டோமில்லை. 19-ஆம் நூற்றாண்டிலேயே நம் புன்செய் மணிலா புதுச்சேரித் துறையிற் கப்பலேறிப் பிரான்சு நாட்டு மார்செயில் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. முந்திரிப் பருப்போ தொடக்கமுதல் அயலார் சுவைத்தற்கென்றே தரம் பிரிக்கப்படுவதாயிற்று. ஆகவே இவ்விரண்டும் உணவுப்பொருளாக அன்றி வாணிகப்பொருளாகவே நம் உள்ளத்திற் பதிந்துவிட்டன. பழந்தமிழ்க் கணக்கிலே முந்திரி என்பது ஒன்றை முந்நூற்றிருபது கூறிட்டதில் ஒரு கூற்றிற்குப் பெயர். நாம் விளைக்கும் முந்திரியில் நம் வீட்டுப் பிள்ளைகள் உண்ணும் பங்கும் அந்த முந்திரி அளவே ஆகுமோ என்று அஞ்சுகின்றேன். பண்டிகை நாளிற் பாயசத்தில் மிதக்கும் இரண்டொரு பருப்போடு அப்பங்கு முடிந்துவிடுகின்றது.

சென்ற கோடை விடுமுறையில் யான் கண்ட ஒரு காட்சியை இங்குக் கூறுதல் பொருந்தும். பண்ருட்டிக்கு மேற்கேயுள்ள ஒரு சிற்றூரில் உறவினர் இல்லத்திற் சில நாள் தங்கியிருந்தேன். எதிர்வீட்டுத் திண்ணையில் ஒரு பெண்மணி விடியற்காலை தொடங்கி முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருப்பார். அக்கொட்டையின் ஓட்டினுள் ஓர் எண்ணெய் உண்டு. அது தோலிற் பட்டால் நெருப்புப் பட்டாற்போல் வெந்து கறுத்துவிடும். அவர் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தும் விரல் நுனிகள் யாவும் கரியாகவே இருந்தன. அவர் அருகில் ஐந்து வயதுச் சிறுமியொருத்தி மெலிந்த உடலினளாய், கடையில் வாங்கிய ஐந்து ரூபாய்ப் பொட்டலத்திலிருந்து உப்பும் காரமும் தூவிய ஏதோ ஒரு பொரியலைத் தின்றுகொண்டிருந்தாள். "குழந்தைக்கு ஒரு பருப்புக் கொடுக்கக் கூடாதா, அக்கா?" என்று யான் அறியாமையாற் கேட்டேன். அவர் சிரித்தார். "இது எடைக் கணக்குத் தம்பி. கொறஞ்சா கூலியில புடிச்சிக்குவாங்க" என்றார். "வீட்டு மல்லாட்டை இல்லையா?" என்றேன். "அது விக்கிறதுக்குத் தம்பி, தின்றதுக்கா?" என்றார்.

அவ்வொரு சொல்லே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. முந்திரி அவருடையதன்று, அதனை அவர் எடுக்க இயலாது. ஆனால் மணிலா அவர் நிலத்தில் அவர் கையால் விளைந்தது. அதனையும் முழுதும் விற்று, விற்ற பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துச் சத்தற்ற பொட்டலத்தை வாங்கி மகளுக்குக் கொடுக்கின்றார். இஃது அவர் ஒருவரின் பிழையன்று. நல்ல பொருள் என்பது விற்கத்தக்க பொருள், வீட்டில் உண்பது எஞ்சிய பொருள் என்னும் எண்ணம் நம் அனைவரிடத்தும் வேரூன்றியிருப்பதன் விளைவே அது.

இனி, இக்கொட்டைகளின் பயனை ஆராய்வோம். தாவரநூலார் மணிலாவைக் கொட்டையென்று ஒப்பார். அவரை, துவரை முதலியவற்றின் இனத்ததே அதுவென்பர். ஆயினும் சத்தின் வகையால் அது முந்திரி, வாதுமை முதலியவற்றோடு ஒருங்குவைத்து எண்ணப்படும். 100 கிராம் அரிசியில் உள்ள புரதம் ஏறத்தாழ 7 கிராமே. 100 கிராம் மணிலாப் பருப்பிலோ ஏறத்தாழ 25 கிராமும், முந்திரிப் பருப்பில் ஏறத்தாழ 18 கிராமும் உள்ளன. ஒரு கைப்பிடியளவு, அதாவது 30 கிராம் மணிலா உண்பவன் ஒரு கோழிமுட்டையிற் கிடைக்கும் புரதத்தினும் சிறிது மிகுதியாகவே பெறுகின்றான். நார்ச்சத்தும், ஃபோலேட்டு என்னும் உயிர்ச்சத்தும் மணிலாவில் மிகுதி; எலும்பிற்கும் நரம்பிற்கும் வேண்டிய மெக்னீசியம் முந்திரியில் மிகுதி. விலையில் முந்திரி அரசனாகவும் மணிலா ஏழையாகவும் இருப்பினும், புரதத்திலும் நார்ச்சத்திலும் ஏழையே அரசனை விஞ்சி நிற்றல் காண்க.

சோறு மிகுந்து பிற குறைந்த உணவே நம்மிற் பலர் நாள்தோறும் உண்பது. சிதம்பரத்துப் பக்கத்து வயல்கள் தரும் அரிசியைக் குறைகூறுதல் என் கருத்தன்று. வயிற்றை நிறைத்தல் வேறு, உடலை நிறைத்தல் வேறு என்பதே என் கருத்து. 1918-இல் இராபர்ட்டு மக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞரால் நம் நீலகிரிக் குன்னூரில் ஒரு சிறு ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கப்பெற்று, 1958-இல் ஐதராபாத்திற்குப் பெயர்ந்த தேசிய உணவூட்ட நிறுவனம், 2024-இல் வெளியிட்ட உணவு நெறிகளில் தானியம், பருப்பு, காய்கறி, பழம், பால் ஆகியவற்றோடு கொட்டைகளுக்கும் விதைகளுக்கும் தட்டில் தனியிடம் வகுத்துள்ளது. அவ்விடம் பெரிதன்று; ஒரு கைப்பிடியளவே. ஆனால் நம் தட்டில் அச்சிறிய இடமும் வெறிதாகக் கிடக்கின்றது.

கொட்டைகளால் விளையும் நன்மை ஊகமாகக் கூறப்படுவதன்று, ஆய்ந்து கண்டது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் வாழும் ஏழாம் நாள் அட்வெண்டிஸ்டு திருச்சபையினர் ஏறத்தாழ 31,000 பேரை ஆய்வாளர் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து, 1992-இல் தம் முடிவை வெளியிட்டனர். வாரத்தில் நான்கு முறைக்கு மேற் கொட்டைகளை உண்டோர்க்கு, வாரம் ஒருமுறையும் உண்ணாதாரை நோக்க, மாரடைப்பு முதலிய இதயநோய் ஏறத்தாழப் பாதியளவே நேர்ந்ததெனக் கண்டனர். அத்திருச்சபையினர் பெரும்பாலும் மதுவும் புகையும் விலக்கி ஒரேவகை ஒழுக்கத்தில் வாழ்வோராதலின், அவர்களுக்குள்ளேயே செய்த இவ்வொப்பீடு மதிக்கத்தக்கது. பின்னர் ஸ்பெயின் நாட்டில் 7,447 பேரைக் கொண்டு ஒரு பெருஞ்சோதனை நிகழ்ந்தது. நாள்தோறும் 30 கிராம் கொட்டை சேர்ந்த உணவை உண்டோர்க்கு இதயநோயும் பக்கவாதமும் குறைந்தன என்று 2013-இல் அறிவித்தனர். ஆட்களைப் பிரித்த முறையிற் குறை காணப்பட்டமையால் அவ்வறிக்கை திரும்பப் பெறப்பட்டு, 2018-இல் திருத்தி மீண்டும் வெளியிடப்பட்டது. திருத்திய பின்னும் முடிவு பெரிதும் மாறிற்றில்லை.

வெளிநாட்டார்க்குப் பொருந்துவது நமக்குப் பொருந்துமோ என்று ஐயுறுவார்க்குச் சென்னையிலேயே விடையுண்டு. ஆங்குள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் நீரிழிவுடைய 300 பேரை இருகூறாக்கி, ஒரு சாரார்க்கு மட்டும் 12 வாரம் நாள்தோறும் 30 கிராம் முந்திரியை உணவோடு சேர்த்தளித்தனர். அவர்களுக்கு இரத்த அழுத்தம் சிறிது குறைந்தது. நன்மை செய்யும் கொழுப்பு சிறிது கூடிற்று. உடல் எடையும் இரத்தத்திற் சர்க்கரையும் கூடவில்லை. இவ்வாய்வு 2018-இல் வெளியாயிற்று. முந்திரி தின்றால் கொழுப்பேறும் என்று அஞ்சி அதனை அறவே ஒதுக்கும் நம் பெரியோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

இங்குச் சிலர் தடை எழுப்புவர். கொட்டையிற் பாதியளவு எண்ணெயன்றோ, அது உடலுக்குக் கேடன்றோ என்பர். மெய்யே, மணிலாவிலும் முந்திரியிலும் ஏறத்தாழப் பாதி கொழுப்பே. ஆயினும் அக்கொழுப்பில் ஐந்தில் நான்கு பங்கு நிறைவுறாக் கொழுப்பு என்னும் வகையைச் சார்ந்தது. அது இதயத்திற்குப் பகையன்று. மணிலா பித்தம் என்பர் வேறு சிலர். படியளவு வறுத்துத் தின்று வயிறு கெட்டபின் கடலையைப் பழித்தல் முறையாகுமோ? கைப்பிடி கொள்ளவேண்டிய இடத்தில் முறம் கொண்டது நம் பிழை. 30 கிராம் மணிலா ஏறத்தாழ 170 கலோரி வெப்பம் தருவது. அதனை வழக்கமாய் உண்ணும் பஜ்ஜிக்கும் வடைக்கும் மேலாகச் சேர்த்தால் உடல் பருக்கும். அவற்றிற்கு மாற்றாகக் கொண்டால் உடல் தேறும். சேர்ப்பதன்று, மாற்றுவதே வேண்டுவது என்பதைக் கடைப்பிடிக்க.

முந்திரி விலைமிக்கது, ஏழை யாங்ஙனம் வாங்குவன் என்பார்க்கு மணிலாவே விடை. இதனை ஒரு பெரியார் நூறாண்டுகட்கு முன்னரே உணர்ந்தார். அமெரிக்காவில் அடிமைக் குடியிற் பிறந்து, கற்று உயர்ந்து, டஸ்கீகிக் கல்விக்கழகத்தில் ஆசிரியராய் விளங்கி, 1943-இல் மறைந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்னும் கிறித்தவ அறிஞரே அவர். பருத்தியையே மீண்டும் மீண்டும் விதைத்து நிலமும் உடலும் மெலிந்துகிடந்த ஏழைக் கறுப்பின உழவரை நோக்கி, மணிலா பயிரிடுக என்றார். அதன் வேர் மண்ணுக்கு உரமூட்டும். அதன் பருப்பு மக்களுக்கு உரமூட்டும். 1916-இல் மணிலாவைப் பயிரிடும் முறையோடு, அதனை உணவாகச் சமைக்கும் 105 வகைகளையும் ஒரு சிறுநூலாக எழுதி வெளியிட்டார். விற்கும் வழியோடு நில்லாது, உழவன் தன் அடுப்பிலேயே அதனைச் சமைத்துண்ணும் வழியையும் அவர் காட்டியதை நாம் கருதல் வேண்டும். நம் காலத்தும் ஆப்பிரிக்க நாடுகளிற் பஞ்சத்தால் எலும்புந்தோலுமான குழந்தைகளை மீட்பதற்கு மருத்துவர் கொடுக்கும் உணவு, மணிலாவையும் பால்மாவையும் எண்ணெயையும் சர்க்கரையையும் உயிர்ச்சத்துக்களையும் சேர்த்தரைத்த களியே. அதனை 1996-இல் பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் வகுத்தார். சாகுந்தறுவாயிலுள்ள குழந்தையை எழுப்பவல்ல பொருள் நம் புன்செயிற் கிடக்க, நாம் அதனை ஏழையின் கொறிப்பென்று இகழ்கின்றோம்.

ஆயினும் எப்பொருளையும் ஆராய்ந்தே உண்ணல் வேண்டும். ஈரம்பட்ட மணிலாவிற் பூஞ்சை பற்றும். அப்பூஞ்சை அப்லாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, அவை தின்ற மணிலாப் பிண்ணாக்கிலேயே இந்நஞ்சு கண்டறியப்பட்டது. அது கல்லீரலைக் கெடுப்பது. ஐப்பசி கார்த்திகை அடைமழை பெய்யும் நம் கடற்கரை மாவட்டத்தில் மணிலாவை நன்குலர்த்தி ஈரம்படாது வைத்தல் இன்றியமையாதது. கறுத்த, சுருங்கிய, கசந்த பருப்பை அப்பொழுதே எறிந்துவிடுக. ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகட்கு முழுப் பருப்பைக் கொடுத்தலாகாது, மூச்சுக்குழலில் அடைக்கும். இடித்தோ அரைத்தோ கொடுக்க. மிகச் சிலர்க்குக் கொட்டை ஒவ்வாது. உண்டதும் தடிப்போ மூச்சுத்திணறலோ தோன்றுவார் அதனை விலக்கி மருத்துவரை நாடுக. உப்பிட்டு எண்ணெயிற் பொரித்ததைவிட அவித்ததும் மணலில் வறுத்ததும் மேலாம்.

விற்காதீர் என்று உழவரை நோக்கிக் கூறுதல் எளிது, அது நேர்மையன்று. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் 'தானே' புயல் நம் கரையைத் தாக்கியபோது, பல தலைமுறையாய் நின்ற முந்திரியும் பலாவும் ஓரிரவில் வேரோடு சாய்ந்தன. மரத்தோடு மகளின் திருமணமும் மகனின் படிப்பும் சாய்ந்தன என்று அழுதோர் பலர். அம்மக்களுக்கு விளைபொருளின் விலையே வாழ்வு. விருத்தாசலத்து ஆராய்ச்சி நிலையத்தார் முந்திரியிலும் மணிலாவிலும் மிகுவிளைவு தரும் நல்வகைகளைக் கண்டளித்தமையும் அவ்வாழ்வை உயர்த்துதற்கே. ஆதலின் விற்க, ஆனால் முற்றும் விற்றொழியற்க. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு கைப்பிடி வீதம் ஓராண்டிற்கு வேண்டுவது ஏறத்தாழ 11 கிலோ பருப்பு. தோலோடு நோக்கின் ஏறத்தாழ 16 கிலோ. ஒரு சிறு புன்செயின் விளைவிலும் இது பெரும்பங்கன்று. களத்துமேட்டில் வணிகர் தராசு வருமுன் அவ்வளவை எடுத்துவைத்தல் இயலாததோ?

மாணவராகிய நமக்கும் இதிற் கடமையுண்டு. விடுதிகளில் மாலைதோறும் எண்ணெயிற் பொரித்த பண்டத்திற்கு மாற்றாக வாரத்தில் நான்கு நாளேனும் அவித்த மணிலா வழங்குமாறு நாமே கேட்கலாம், செலவும் மிகாது. 1982-இல் விரிவுபெற்ற சத்துணவுத் திட்டத்தின்கீழ் உண்ணும் பள்ளிப்பிள்ளைகட்கும், நம் மாவட்டத்தளவிலேனும், உள்ளூர் மணிலா ஒரு கைப்பிடி கிடைக்குமாயின், உழவர்க்கு விலையும் அவர் மக்களுக்கு வலிவும் ஒருங்கே கிட்டும். முந்திரி உடைக்கும் மகளிர்க்குக் கையுறையும், உடைத்த பருப்பில் ஒரு சிறு பங்கும் உரிமையாக வேண்டுமென்பதும் என் துணிபு. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டலாகாது என்று மோசேயின் சட்டமே விதித்திருக்க, மனிதர் கைக்கு அவ்விரக்கம் வேண்டாவோ?

கானான் நாட்டிற் கொடும்பஞ்சம் நிலவிய காலத்தும் யாக்கோபின் வீட்டில் வாதுமைக் கொட்டை இருந்தது என்பதை ஆதியாகமத்தால் அறிகின்றோம்; எகிப்திற்கு அனுப்பிய காணிக்கையில் அதுவும் ஒன்று. தானியம் தீர்ந்த வீட்டிலும் தீராதிருந்த பொருள் அது. நம் திருச்சபைகளில் அறுப்பின் பண்டிகை நாளன்று உழவர் தம் முதற்பலனைச் சுமந்துவந்து பீடத்தின் முன் வைப்பர். நெற்கதிரும் பூசணியும் வாழைத்தாரும் ஆங்கே நிறையும். மல்லாட்டையும் ஒரு கூடையில் இருக்கும். விளைவின் முதற்பகுதி விலைக்குரியதன்று என்பதை அவ்வழக்கம் நமக்குக் கற்பிக்கின்றது. இறைவனுக்கென ஒரு கூடை எடுத்துவைக்க அறிந்த கை, அவன் அளித்த குழந்தைக்கென மற்றொரு கூடை எடுத்துவைக்கவும் அறியும் என்று நம்புகின்றேன். அடுத்த அறுப்பிற்கு யான் அச்சிற்றூருக்குச் செல்லுங்கால், அத்திண்ணையில் அச்சிறுமியின் கையில் பொட்டலம் இராது, அவித்த மல்லாட்டை இருக்கக் காண்பேனாயின், இக்கட்டுரை எழுதிய பயனைப் பெற்றவனாவேன்.